பேர் சொல்லாத ஜெபம்

ஜூன் பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை, சபைக் கட்டடத்தின் மாடி அறையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

பாட்டு டீச்சர் தாமதமாக வந்தாள். உள்ளே எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் கதவருகிலேயே நின்றுகொண்டாள். ஜெபித்துக்கொண்டிருந்தது தையல்காரி.

“ஆண்டவரே, ஒரு சகோதரிக்காகக் கெஞ்சுறோம். பேரு வேண்டாம், உமக்கே தெரியும். நம்ம பாட்டுக் குழுவ நடத்துறவங்க. தலையில இருக்கறது அவங்க முடியே இல்ல. அலங்கார ஆசையிலேர்ந்து அவங்கள விடுதலையாக்கும்.”

“ஆமென்” என்றது அறை.

டீச்சருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. காய்ச்சலில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிய வருஷம் வாங்கிய டோப்பா அது. உச்சியில் உறுத்துகிறது என்றதும் உள்பக்கம் பட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவளே இந்தத் தையல்காரிதான். சொந்த முடி அரைகுறையாக வளர்ந்த பின்னும் டீச்சர் அதைக் கழற்றவில்லை. கண்ணாடியில் தெரிந்தவளை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதைச் சொல்லி அழுததும் இவளிடம் மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் தையல்காரியைப் படிக்கட்டில் பிடித்தாள்.

“அக்கா! எப்ப வந்தீங்க?”

“நீ என் தலைய ஆண்டவருக்கு அறிமுகப்படுத்தினப்பவே வந்துட்டேன்.”

“பொறணி பேசலக்கா. ஜெபக் குறிப்புதானே வெச்சேன்.”

“அவருக்கே தெரியும்னியே, அப்புறம் யாருக்குடி அடையாளம் சொன்ன?”

தையல்காரி பையின் வாரைத் திருகினாள். “நானா சொல்லலக்கா. ஆவியானவர் ஏவினாரு. அடக்க முடியல.”

“ஆதாம் ஏவாளக் கைகாட்டினான், ஏவாள் பாம்பக் கைகாட்டினா. நீ அவங்களயும் மிஞ்சிட்ட, கடவுளயே கைகாட்டுற. வாயத் திறக்கறதும் மூடுறதும் உன் இஷ்டம்னுதான் அவரு விட்டு வெச்சிருக்காரு. எனக்கும் அப்படித்தான். கண்ணாடிக்கு ஆசப்பட்டது நான். அத அவர்கிட்ட நானே ஒத்துக்குவேன். ‘நான்தான் சொன்னேன்’னு நீ ஒரே ஒரு தடவ சொல்லு. பழையபடி இருந்துருவோம்.”

மேலிருந்து இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். தையல்காரி அவர்களைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் கையைத் தொட்டாள்.

“உங்களுக்காக இன்னும் ஜெபிக்கிறேன்க்கா.”

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை, அலங்கார ஆசை உள்ளவள் பாட்டு நடத்தக் கூடாது என்று ஜெபக்கூட்டப் பெண்கள் கேட்டுக்கொண்டபடி, போதகர் பாட்டுக் குழுவைத் தையல்காரியிடம் ஒப்படைத்தார். டீச்சர் டோப்பாவுடன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாடவில்லை.