குரல் இருந்த பெட்டி

பாடை தெருமுனையில் திரும்புவதற்குள் மைத்ரேயி இரண்டாவது வாளியையும் கவிழ்த்தாள். ஜகன்னாத்தைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து தண்ணீர் கிளம்பி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு மேஜைப் பக்கம் போனது. மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக, கம்ப்யூட்டர் பெட்டி. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முந்தின இரவு அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருந்த ஹம்ஸா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஊற்ற வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்ல வேண்டும். சொற்கள் நாக்குவரை வந்து நின்றன. வாய் திறக்கவில்லை. விடியற்காலை அவர் போனதிலிருந்து அவளை எழுப்புவது, உட்கார்த்துவது, திருப்புவது எல்லாவற்றையும் மற்றவர்களே செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீரையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று உடம்பு விட்டுவிட்டதோ என்னவோ. பச்சை விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது.

"ஈரம் காயட்டும். யாரும் மிதிக்காதேங்கோ," என்றாள் மைத்ரேயி. தம்பிக்காக அழுது அவள் கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரம், ஜகன்னாத் அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, இனித் தேவைப்படும் என்று தோன்றிய வாக்கியங்களையெல்லாம் பேசிப் பதிந்து வைத்தார். மின்வாரிய ஆபீஸில் காலமெல்லாம் தட்டச்சு செய்தவர். ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் கொடுத்து ஒழுங்காக அடுக்கினார். அடுப்படிவரை கேட்க வேண்டுமென்று பெரிய ஸ்பீக்கராக வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு வாய் அதுதான். கோபத்துக்கு வாக்கியம் இல்லை. கோபம் வந்தால் 'காபி ஆச்சா'வை விடாமல் அழுத்துவார். யாருமே வராத மத்தியானங்களில் 'யார் வந்திருக்கா' என்று கேட்பார். "ஒருத்தரும் வரலையே," என்று அடுப்படியிலிருந்து ஹம்ஸா குரல் கொடுப்பாள். அது அவர்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது.

கடைசி இரவு மவுஸை அவர் கைக்குள் பொத்தி வைத்தாள். திரையில் அம்புக்குறி எங்கெங்கோ அலைந்தது. எதன்மேலும் நின்று அழுத்த விரலுக்கு முடியவில்லை.

கொள்ளிடக்கரையிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பிய மகன் கோவிந்த், பெட்டியிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்தான்.

"இது எப்படிம்மா நனைஞ்சுது?"

"எடுத்தப்புறம் ஆத்தை அலம்பாம விடுவாளாடா?" என்றாள் மைத்ரேயி.

"அப்பா குரல் மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு, அத்தை."

மைத்ரேயி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"உன் போன்ல ஏத்தி வச்சுக்கோன்னு சொன்னேனேம்மா."

"அடுத்த தடவை வரச்சே நானே பண்ணித் தரேன்னு சொன்னே," என்றாள் ஹம்ஸா.

அவன் பெட்டியைத் திறந்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஹேர் டிரையர் காட்டினான். பக்கத்து வீட்டு பீமராவிடம் கேபிள் வாங்கி வந்து தன் லேப்டாப்போடு இணைத்தான். டிஸ்க் சுற்ற முயன்று, சுவரில் பல்லி சொல்வதுபோல டிக் டிக்கென்றது. பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டினான். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஹம்ஸாவின் உடம்பு தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தது.

"போன் நனைஞ்சா அரிசில போடுவாளே," என்றாள் மைத்ரேயி.

"அத்தை, இது போன் இல்ல."

"எதுவா இருந்தா என்ன? ஈரம் ஈரம்தானே?"

அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் அரிசி டின்னுக்குள் முழங்கைவரை விட்டுப் புதைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபின் அதை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் தில்லை நகரில், கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் ஒரு கடை இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தான் கோவிந்த். சட்டையை எடுத்தவனை மைத்ரேயி தடுத்தாள். "காரியம் முடியற வரைக்கும் கர்த்தா ஊர் சுத்தப்படாது." ஹம்ஸா படி தாண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அரிசி ஒட்டியிருந்த டிஸ்க்கை ஒரு டப்பாவில் வைத்து, ஆபீஸ் போகிற வழியில் கொடுத்துவிடுவதாக பீமராவ் வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுவதும் ஹம்ஸா போனைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளாத குறையாக வைத்திருந்தாள்.

சாயங்காலம் அது அடித்தது. கோவிந்த் ஸ்பீக்கரில் போட்டான்.

"கடையிலேர்ந்து ஆரிஃபா பேசறேங்க. நனைஞ்சதுக்கப்புறம் ஓட விட்டீங்களா?"

"விட்டேன்."

"எத்தனை வாட்டி?"

கோவிந்த் அம்மாவைப் பார்த்தான். "நிறைய தடவை."

"தண்ணி உள்ள போயிருக்குங்க. சுத்தச் சுத்தக் கீறிட்டே வந்திருக்கு. ஃபைல் பேரெல்லாம் வருது. திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல."

"சென்னைக்கு அனுப்பினா?"

"அனுப்பலாம். கீறின இடத்துல அவங்களும் எதை எடுப்பாங்க? ஆசை காட்டக் கூடாதுங்க நான்."

கோவிந்த் போனை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். மைத்ரேயி அவன் பின்னால் போய், பாதியில் நின்று, திரும்பி அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா? பேரையாவது அனுப்பி வைக்கட்டுமா?"

"படிச்சுக் காட்டறியாம்மா?"

"எல்லாத்தையுமா?"

"கடையில ஆள் காத்துண்டிருக்காளா?"

"இல்லம்மா. படிக்கறேன்." ஆரிஃபா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "காபி ஆச்சா. யார் வந்திருக்கா. பேப்பர் எங்கே. வலி இல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "வலி இல்லைன்னு இன்னொண்ணும் இருக்கும்மா."

"வலிக்கறதுன்னு இருக்கா, பாரேன்."

மவுஸ் உருளும் சத்தம் மேலே போய்க் கீழே வந்தது.

"அப்படி எதுவும் இல்லம்மா."

ஹம்ஸா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"மேல படிக்கட்டுமா?"

"ம்."

"நீ தூங்கு. கோவிந்த் பேசினானா. ஃபேனைக் குறைச்சு வை."

ஹம்ஸா எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருப்பினாள். கட்டிலுக்கு மேல் காற்று மெல்ல அடங்கி, ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.