மெக்கானிக்கோடு ஒரு ‘கல்’

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மகள் தாட்சாயிணியின் பையைச் சபாநாயகம் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவார். சாப்பாடு எடுத்துக்கொண்டாளா என்று பார்க்கிற நல்ல அப்பா என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.டி.ஐ. யூனிஃபார்ம் வெளியே தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். அந்த நீலச் சட்டையும் பேன்ட்டும் மடித்து அடியில் கிடக்க வேண்டும், மேலே ஒரு துண்டு மூடியிருக்க வேண்டும். சுடிதாரில் சிதம்பரத்தை விட்டுப் போகிற பெண் கடலூரில் போய் யூனிஃபார்முக்கு மாற வேண்டும். சாயங்காலம் மறுபடி சுடிதாருக்கு மாறித்தான் பஸ் ஏற வேண்டும். இது அந்த வீட்டில் அவர் போட்டிருந்த சட்டம்.

சபாநாயகத்துக்கு மேலவீதியில் ஒரு பாத்திரக்கடை. கடை வண்டி நின்றுபோனால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, உதைத்துக் கிளப்பிவிடுவது சின்ன வயதிலிருந்தே தாட்சாயிணிதான். பிளஸ் டூ முடித்ததும், “யப்பா, நான் கடலூரு ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் சேரட்டா? எனக்கு அதாம்ப்பா புடிச்சிருக்கு” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஊரில் சொல்லிக்கொள்ளவோ வாய் வரவில்லை. ‘பொட்டப் புள்ளைக்கி மெக்கானிக் வேலையா? இன்ஜினியரிங் சேக்க வக்கில்லையா?’ என்று நாலு பேர் கேட்டால் என்ன செய்வது?

மனுஷன் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மெக்கானிக் என்ற சொல்லோடு ஒரு ‘கல்’லைச் சேர்த்துவிட்டார்.

“பொண்ணு என்னா படிக்குது?”

“கடலூர்ல மெக்கானிக்கல்.”

அவ்வளவுதான். மீதியைக் கேட்டவர்களே பூர்த்தி செய்துகொண்டார்கள். “இன்ஜினியரிங்கா? பேஷ், பேஷ்!” என்றார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்து வைத்தார். நாம் எங்கே பொய் சொன்னோம், ரெண்டெழுத்துதானே கூடச் சொன்னோம் என்று தன்னைத்தானே சமாதானமும் செய்துகொண்டார். அந்தக் கல்லைச் சுமந்தவள் மகள். வீட்டுக்கு யாராவது வந்தால் புத்தகத்தை மறைப்பாள், நகக் கண்ணில் கறுப்பு தெரியாமல் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்வாள், செமஸ்டர் எப்போது என்று கேட்டால் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சபாநாயகத்தின் புளுகு ஒன்றரை வருஷம் ஓடியது. அவர் பெரிய கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை, பெண் நல்ல பெண்.

அன்றைக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சபாநாயகத்தின் மனைவி சிவகாமுவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் செந்தமிழ்செல்வன் அதற்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்தார். வடக்கே பாங்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். தாட்சாயிணி கைக்குழந்தையாக இருந்தபோது அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அதற்குப் பிறகு அவளை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

“சிதம்பரம் வந்துட்டு, ராத்திரி ரயிலுக்குப் போறேன் மாப்ள. எம் மருமவ இன்ஜினியரம்மாவ ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்” என்று பந்தியிலேயே சொல்லிவிட்டார். சபாநாயகத்துக்கு வடை தொண்டையில் நின்றது. இருந்தாலும் சுடிதாரில்தானே வருவாள், சமாளித்துக்கொள்வாள் என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

சாயங்காலம் இருவரும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். சன்னலோரம் சபாநாயகம், பக்கத்தில் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக மச்சான். பஸ் கடலூர் ஓல்டு டவுனைத் தாண்டி, சிப்காட் தொழிற்பேட்டையில் நின்றது. ஷிப்ட் முடிந்த கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. அந்தக் கூட்டத்தோடு நீல யூனிஃபார்மில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி வினோதினி என்று கூடப் படிக்கிற பெண். இன்னொருத்தி தாட்சாயிணி.

அந்த வாரம் அவர்களுக்கு அங்கே ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி. உடை மாற்ற இடமில்லை. சிதம்பரம் போய் பஸ் ஸ்டாண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே ஏறிவிட்டாள். முழங்கை வரைக்கும் கிரீஸ், நெற்றியில் ஒரு கறுப்பு இழுப்பு. அன்றைக்கு முதன்முதலாக ஒரு லாரியின் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றியிருந்தாள், அந்தச் சந்தோஷம் முகமெல்லாம் வழிந்தது.

அப்பாவைப் பார்த்ததும் கண் அகலமாக விரிந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். “யப்…” என்று வாயைத் திறக்கவும், டிரைவர் பிரேக்கைப் போடவும் சரியாக இருந்தது. தாட்சாயிணி தடுமாறி விழப்போய், செந்தமிழ்செல்வனின் மடியில் கையை ஊன்றிவிட்டாள். பட்டு வேட்டியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது.

“ஏம்மா! கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு? வேட்டியப் பாரு!” என்று மச்சான் எகிறினார். “என்னா கோலம் இது? பொட்டப் புள்ளைக்கி மூஞ்சியெல்லாம் கிரீஸு. இதெல்லாம் ஒரு படிப்புன்னு அனுப்புறானே, இவளப் பெத்தவன் என்னா மனுஷனோ!”

அவள் மச்சானைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். சபாநாயகம் சன்னலுக்கு வெளியே, இருட்டத் தொடங்கியிருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா அவரயே பாக்கற? மாப்ள, ஒனக்குத் தெரிஞ்ச பொண்ணா?”

அடுத்த நொடி அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: “இல்ல மச்சான். தெரியாது.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, அந்தக் காக்கைக்கு இருக்கிற நெஞ்சுகூட அந்த நேரம் அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

தாட்சாயிணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ‘மாப்ள’, ‘மச்சான்’ என்ற பேச்சிலேயே பட்டு வேட்டிக்காரர் யார் என்பதும், அப்பா ஏன் வெளியே பார்க்கிறார் என்பதும்.

“சாரி சார். தெரியாம பட்டுடுச்சி” என்று மாமாவிடம் சொன்னாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, “நீங்களும் மன்னிச்சிக்கிங்க சார்” என்றாள்.

வீட்டில் ‘வாப்பா, போப்பா’ என்று தோளில் தொங்குகிற பெண். பெற்ற அப்பனை ‘சார்’ என்று கூப்பிட்டு, அவர் மானத்தை அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் பின்னால் போய்விட்டாள். சபாநாயகம் சிதம்பரம் வருகிற வரைக்கும் திரும்பவில்லை. மச்சான் கைக்குட்டையால் வேட்டியைத் துடைப்பதும் கறை இன்னும் பரவுவதுமாக இருந்தது. இறங்கியதும் சபாநாயகம் ஆட்டோ பிடித்து, பின்னால் பார்க்காமல் மச்சானோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டில் சிவகாமு கேசரி கிளறி வைத்திருந்தாள். செந்தமிழ்செல்வன் கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “எங்க எம் மருமவ? காலேஜு விட்டு இன்னுமா வரல?” என்றார்.

“வர்ற நேரந்தாண்ணே” என்றாள் சிவகாமு. அதற்குள் அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில், “ஏங்க, இங்க வாங்க” என்று குரல் வந்தது. அந்தக் குரலே நன்றாக இல்லை.

“ஒங்க பொண்ணு பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துருக்கா” என்றாள் சிவகாமு மெதுவாக. “மாமா கெளம்புனதும் போன் பண்ணும்மா, அப்பறமா வரேன்ங்கறா. ஏண்டி இப்படிப் பேசறன்னா, அப்பாவக் கேளுங்கறா. என்னா பண்ணுனீங்க?”

சபாநாயகம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே தன் குரல் அருவருப்பாக இருந்தது. சிவகாமு கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்கள மட்டும் சொல்லி என்னா? நானும் சேந்துதான வாய மூடிக்கிட்டு இருந்தேன். நாம சொன்ன பொய்யக் காப்பாத்த, வயசுப் புள்ள வூடு வாசல் இல்லாதவ மாதிரி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துருக்கா. நல்லா இருக்குங்க நம்ம கௌரவம்!”

அவர் செருப்பைக்கூட மாட்டவில்லை. “எங்க மாப்ள கெளம்பிட்ட?” என்று மச்சான் கேட்டபோது தெருவில் இறங்கியிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் சீர்காழி பஸ் நிற்கிற பக்கம் ஒரு சிமென்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கழிப்பறையில் போய்ச் சுடிதாருக்கு மாறியிருந்தாள், முகத்தைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“மாமா கெளம்பிட்டாராப்பா?”

“இல்லடா. வூட்லதான் இருக்காரு. நீ வா.”

“ஐயோ, வேணாம்ப்பா. பஸ்ஸுல என்ன நல்லாப் பாத்துட்டாரு. டிரஸ்ஸ மாத்திட்டேன், மூஞ்ச எங்கப்பா போயி மாத்தறது?” என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அதற்கு ஒரு வழி தேடுகிறவள் போலத்தான் கேட்டாள். “நீ போப்பா. ஒன்னயக் காணோம்னு தேடப்போறாரு. எனக்கு ஒண்ணும் பயமில்ல, வினோதினி போன்ல பேசிக்கிட்டுதான் இருக்கா.”

அவள் அடித்திருந்தால் சபாநாயகம் தாங்கியிருப்பார். ‘நீயெல்லாம் ஒரு அப்பனா’ என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவளோ இன்னமும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“யப்பா, அழாதப்பா. எல்லாரும் பாக்கறாங்க. ஒனக்குத்தான் அசிங்கம்.”

“எனக்கு அசிங்கம்தாம்மா” என்றார் அவர். “ஒன்னால இல்ல.” அவள் கையைப் பிடித்தார். தேய்த்துக் கழுவியும் ரேகைக்குள் கறுப்பு இருந்தது. ஒன்றரை வருஷத்தில் அந்தக் கையை அவர் அன்றுதான் பார்த்தார். “இன்னைக்கி என்னா வேல குடுத்தாங்க?”

ஐ.டி.ஐ.யில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா கேட்காத கேள்வி. அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “கியர் பாக்ஸ் எறக்குனோம்ப்பா. அதத்தான் பஸ்ஸுல ஒங்கிட்ட சொல்ல வந்தேன்.”

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் அவளைப் பார்த்த செந்தமிழ்செல்வன் நாற்காலியை விட்டு எழுந்தார். “இது… பஸ்ஸுல வந்த பொண்ணுல்ல?”

“ஆமா மச்சான். தாட்சாயிணி. எம் பொண்ணு. தெரியாதுன்னு ஒங்கக்கிட்ட சொன்னேனே, அது பொய். இன்ஜினியரிங்கும் பொய். கடலூரு ஐ.டி.ஐ.ல மோட்டார் மெக்கானிக் படிக்கறா. அவளுக்குப் புடிச்சிதான் சேந்தா. எனக்குத்தான் வெளிய சொல்லத் துப்பில்ல.”

மச்சான் சமாளித்துக்கொண்டு, “அட என்னா மாப்ள நீ! எங்கிட்ட ஏன் மறைக்கணும்? சொல்லியிருந்தா நான் என்னா சொல்லிடப் போறேன்?” என்றார்.

“பஸ்ஸுல சொன்னீங்களே, அதத்தான் சொல்லியிருப்பீங்க.”

செந்தமிழ்செல்வன் தலை குனிந்தது. வேட்டிக் கறையைக் கையால் மூடிக்கொண்டார். “அம்மாடி, மாமா யாருன்னு தெரியாம…” என்று ஆரம்பித்து, யாராக இருந்தால் மட்டும் அப்படிச் சொல்லலாமா என்று அவருக்கே தோன்றியதோ என்னவோ, முடிக்காமல் நிறுத்திவிட்டார். தாட்சாயிணி அம்மாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள். சிவகாமு அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“அவர ஒண்ணும் சொல்றதுக்கில்ல சிவகாமு” என்றார் சபாநாயகம். “அவரு வேத்தாளுன்னு நெனச்சிப் பேசுனாரு. நான் பெத்தவன், தெரிஞ்சே பேசாம இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், மச்சானுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றபடி சொன்னார்:

“புள்ள என்னா படிச்சாலும், எந்தத் தொழிலக் கத்துக்கிட்டாலும், அதுல கேவலம் கெடையாது. நாலு பேரு என்னா சொல்லுவானோன்னு பயந்து, பெத்த புள்ளைய யாருன்னே தெரியாதுன்னு சொல்றான் பாரு ஒருத்தன், அதுதான் கேவலம். அந்தக் கேவலத்த நம்ம வூட்டுக்குக் கொண்டாந்தவன் நான்.”