சொல்லாமல் விட்ட பெயர்

நியூசிலாந்து நாடாளுமன்றக் குழுவுக்கு வழக்கமாக மொழிபெயர்க்கும் அம்மாளுக்குக் காய்ச்சல். அதனால் காலை ஏழரை மணிக்குப் பரட்டேனேவின் போன் அடித்தது.

"பத்து மணிக்கு வர முடியுமா சார்? ஒரே ஒரு அம்மாதான். மாவோரியில பேசுவாங்க, நீங்க இங்கிலீஷ்ல சொல்லணும். அரை மணி நேர வேலை" என்றார் குழுவின் எழுத்தர்.

"என்ன மசோதா?"

"ரௌனுவி குலத்தோட ஒப்பந்தத் தீர்வு, அரசாங்கம் எடுத்தத திருப்பிக் குடுக்கறது. ரோட்டோபுனா ஏரி விஷயம்."

நானே ரௌனுவி குலத்துக்காரன்தான், இது எனக்குச் சரிப்படாது என்று பரட்டேனே அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெலிங்டனில் மாவோரி தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு தீர்வில் சம்பந்தப்பட்டவர்கள்தான், அதையெல்லாம் பார்த்தால் யாருமே இந்த வேலையைச் செய்ய முடியாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் ஒரு படிவம் நீட்டினார்கள். 'இந்த விவகாரத்தில் உங்களுக்கு உறவோ ஆதாயமோ உண்டா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று குறி போட்டார். ஐம்பத்து நான்கு வயது, இருபத்தோரு வருட அனுபவம். நீதிமன்றமோ ஆஸ்பத்திரியோ, உட்கார்ந்துவிட்டால் தன் வாய் தன்னுடையதல்ல, பேசுகிறவருடையது என்பதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

பேச வந்தவர் மெரெபெகா. அறுபது வயது இருக்கும், ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஏரியின் வடகரையில் இருக்கும் அஹிரோவா என்ற சின்னக் கிளையைச் சேர்ந்தவர். எண்ணினால் முந்நூறு பேர் தேறமாட்டார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அரசு எடுத்துக்கொண்ட ஏரியை இந்த மசோதா ரௌனுவி குலத்துக்குத் திருப்பித் தருகிறது. ரௌனுவி பெரிய குலம், வக்கீல்கள் உண்டு, அமைச்சர்கள் போனை எடுப்பார்கள். அஹிரோவா ஜனம் கேட்பது ஒன்றுதான்: ஏரி எங்களுடையது, எங்கள் தலைக்கு மேலே கைமாற்றி இத்தோடு முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

உறுப்பினர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் சின்ன மேஜை, மைக், பரட்டேனே. மெரெபெகா எழுந்து நின்று மாவோரி முறைப்படி முதலில் தன் மலையையும் தன் ஏரியையும் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பரட்டேனேவின் குரல் அவரை ஒட்டியே போனது, ஒரு மூச்சு பின்னால். அழகான மாவோரி. அந்த மாதிரிப் பேச்சைச் சுமப்பதில் ஒரு சுகம் இருந்தது.

பிறகு அவர் சொன்னார்:

"எங்க ஏரிய நாங்க விக்கல. வித்தவன் பேரு எனோகா டே பௌஹு. அம்மை கண்டு எங்க ஜனத்துல நாப்பது பேரு செத்தாங்க. நாங்க பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுட்டிருந்த அந்த மூணு நாள்ல அவன் நில நீதிமன்றத்துக்குப் போனான். வடகரையில ஆளே கிடையாது, எல்லாம் என் இடம்னு சத்தியம் பண்ணினான். அரசாங்கத்து ஏஜென்ட்டுக்கு அது பொய்யின்னு தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்து வாங்கினான்."

எனோகா டே பௌஹு பரட்டேனேவின் பாட்டனுக்குப் பாட்டன். ஊர்க் கூட்ட மண்டபத்தில் முதல் தூணுக்கு மேலே அவருடைய படம் தொங்குகிறது. பரட்டேனேவின் மூத்த மகனுக்கு அவர் பெயர்தான்.

 பரட்டேனேவின் நாக்கு தானாகவே பேசியது: "அது துயரமான காலம். நோயில் பலர் இறந்தார்கள். அப்போது உறவினர் சிலர் ஏரியை அரசுக்குக் கைமாற்றினார்கள்."

அவ்வளவுதான். பெயர் இல்லை, பொய்ச் சத்தியம் இல்லை, தெரிந்தே கையெழுத்து வாங்கிய ஏஜென்ட்டும் இல்லை.

ஸ்ட்ராக்கன் என்ற உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். இந்தத் தீர்வுகளே ஒரு முடிவில்லாத சங்கிலி, எங்காவது நிறுத்த வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறவர். "அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சொந்தக்காரங்களே வித்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அரசாங்கம் பண்ணின தப்பு என்ன? யாரு வித்தாங்கன்னாவது சொல்ல முடியுமா?"

மெரெபெகா அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மூலை மேஜையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்பது அந்தப் பார்வையில்தான் பரட்டேனேவுக்கு உறைத்தது.

"பேரச் சொல்லிட்டேன்" என்றார் மெரெபெகா, மாவோரியில், நிதானமாக. "என் சொல்லத் தூக்கிட்டு வர்றவரு அத முழுசா கொண்டு வந்து சேக்கட்டும்."

இரண்டாவது வாய்ப்பு அது. அறையில் எல்லோரும் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பரட்டேனே மைக்கில் சொன்னார்:

"சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்கிறார்."

"பதில் இல்லன்னு குறிச்சுக்குங்க" என்றார் ஸ்ட்ராக்கன். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து நன்றி சொன்னார்.

வராந்தாவில் மெரெபெகா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். பரட்டேனே பக்கவாட்டில் நழுவப் பார்த்தார்.

"நில்லு தம்பி. நீ டே பௌஹு வழியா?"

"ஆமா அக்கா."

"நெனச்சேன்." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார், குரல் உயரவில்லை. "இங்கிலீஷ்ல நானே சொல்லியிருக்கலாம். வாயி வரைக்கும் வந்துச்சு. எங்கம்மா இந்த பாஷை பேசினதுக்குப் பள்ளிக்கூடத்துல பெரம்படி வாங்கினவ. அவ ஜனத்துல செத்தவங்களப் பத்தி அந்தக் கட்டடத்துல அவ பாஷையிலதான் பேசணும்னு வீட்லயே முடிவு பண்ணிட்டு வந்தேன். மொழிபெயர்க்க நம்ம ஆளு உக்காந்திருக்கான்னு பாத்ததும் நிம்மதியாக்கூட இருந்துச்சு."

பரட்டேனே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேணாம். பஸ் இருக்கு எனக்கு" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று பரட்டேனே யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு ஒலிப்பதிவில் இருக்கிறது, வேண்டுமானால் யாராவது கேட்டுச் சரி செய்துகொள்வார்கள் என்று நினைத்தார். அந்த ஒலிப்பதிவை யாரும் கேட்கப் போவதில்லை என்றும் அவருக்குத் தெரியும்.

ஜூலையில் குழுவின் அறிக்கை வந்தது. வடகரைக் கிளை தன் ஆட்சேபத்துக்கு ஆதாரம் தரவில்லை என்று அதில் இரண்டு வரி. ஆகஸ்டில் மசோதா சபைக்கு வந்தது. வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார் பரட்டேனே. எதிரணிப் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து சின்னக் கிளைகளை இப்படி ஓரங்கட்டலாமா என்று கேட்டதும் ஸ்ட்ராக்கன் துள்ளி எழுந்தார்.

"ஓரங்கட்டலங்க, கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டோம். யாரு வித்தாங்கன்னு என் வாயாலயே கேட்டேன். பதில் வரல. இப்படி ஒவ்வொரு ஏரிக்கும் ஒருத்தர் வருவாங்க, பதில் சொல்லமாட்டாங்க, நாம நிறுத்திட்டு நிப்போம். இன்னும் எத்தன தலைமுறைக்கு?"

அவர் கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். அடுத்த வாரமே அமைச்சர் புதிய கொள்கையை அறிவித்தார். ஏற்கெனவே தீர்வில் சேர்ந்த ஏரி, ஆறு எதற்கும் சின்னக் கிளைகளின் தனி ஆட்சேபம் வருகிற ஜூனுக்குப் பிறகு கேட்கப்படாது. நாடு முழுக்க, அஹிரோவாவையும் சேர்த்து, அப்படிப் பதினேழு கிளைகள் வரிசையில் இருந்தன. செய்தியாளர் காரணம் கேட்டபோது ரோட்டோபுனா விசாரணையைத்தான் அமைச்சர் எடுத்துக்காட்டினார்.

பரட்டேனே டிவியை அணைத்தார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, பசியில்லை என்று சொன்ன தன் குரலைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஊர்க் கூட்ட மண்டபத்தில் விருந்து. மண்ணுக்குள் சுடுகல்லில் வெந்த ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். குலத்தின் சொத்தை நிர்வகிக்கும் ரௌனுவி டிரஸ்ட்டின் தலைவர் பிரிபி, பரட்டேனேவின் பெரியப்பா மகன், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவரை அணைத்தார்.

"தம்பி! நான் அந்தப் பதிவக் கேட்டேன்டா. முழுசா." கண்ணடித்தார். "நம்ம தாத்தா மானத்தக் காப்பாத்திட்ட. எல்லாருக்கும் தெரியாட்டியும் எனக்குத் தெரியும். நாம மறக்கமாட்டோம்."

"அண்ணே, அந்தம்மா சொன்னது உண்மையா?"

பிரிபி தோளைக் குலுக்கினார். "எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு, ஏதோ அப்படித்தான்னு. அதுக்கென்ன இப்போ? யாரு வீட்ல இல்ல?" என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நன்றி சொன்னதுதான் உடம்பைக் கூச வைத்தது. தலைக்கு மேலே எனோகாவின் படம் இருந்தது. அதைப் பார்க்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே காருக்குப் போனார். வழியெல்லாம் இரண்டு முறையும் தான் மைக்கில் சொன்னவை திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. எவ்வளவு சரளமான, எவ்வளவு மரியாதையான இங்கிலீஷ்! திக்கியாவது இருக்கக்கூடாதா.

மறுநாள் குழுவுக்குக் கடிதம் எழுதினார். மெரெபெகா சொன்னது இது, நான் சொன்னது இது, விட்டது தெரிந்தே விட்டது, அந்தப் பெயருடையவர் என் முன்னோர், படிவத்தில் நான் போட்ட குறி பொய் என்று ஒன்றுவிடாமல் எழுதினார். நான்கு முறை கிழித்தார். ஒவ்வொரு முறையும் தனக்குச் சாதகமாக ஒரு சொல் எப்படியோ உள்ளே நுழைந்திருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான் என்று தோன்றியது. எதிரணி உறுப்பினர் கடிதத்தைச் சபையில் படித்தார். "நேத்து ஒரு கதை, இன்னிக்கு ஒரு கதை, மொழிபெயர்க்கறவரே மாத்திட்டாரு!" என்று ஸ்ட்ராக்கன் சொல்ல, ஒரு பக்கம் முழுக்கச் சிரித்தது. ஆனால் யாரோ இந்த முறை ஒலிப்பதிவை வரவழைத்து வேறொருவரை வைத்துக் கேட்டார்கள். ஏரி பற்றிய பிரிவுகளை மட்டும் மசோதாவிலிருந்து எடுத்து, ஒரு வருடத்துக்குள் மறு விசாரணை என்று ஒத்திவைத்தார்கள். கொள்கை மாறவில்லை. ஜூன் ஜூன்தான். வேறு ஆதாரங்களும் உண்டு என்று அமைச்சர் சொல்லிவிட்டார். அவை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரிபி போனில் கத்தினார்: "செத்தவன் பேர எரிச்சு நீ குளிர் காயறியாடா? இனிமே இந்த வாசல்ல கால் வெச்சிராத!"  மகன் எனோகா இரண்டு நாள் கழித்து, "அப்போ என் பேருக்கு என்னப்பா பண்றது?" என்று மட்டும் கேட்டான். 

அக்டோபரில் ஏரிக்குப் போனார். முன்கூட்டியே சொல்லித்தான் போனார். வடகரை மண்டபத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெரெபெகா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லாத. இவங்ககிட்ட சொல்லு. நம்ம பாஷையில."

சொன்னார். எனோகா டே பௌஹு என்ற பெயரை முழுதாகச் சொன்னார், தான் அதை விழுங்கியதையும் சொன்னார், இரண்டாம் தடவை கேட்டும் விழுங்கியதையும் சொன்னார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. முடித்ததும் ஒரு தாடிக்காரர், "இதத்தான நாங்க நூத்தம்பது வருஷமா சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் மெரெபெகா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எங்க ஏரிய நிறுத்தி வெச்சிட்ட. சரி. மத்த பதினாறு கிளை?"

"கடிதம் எழுதியிருக்கேன் அக்கா. எல்லாருக்கும்."

"யாராவது பதில் போட்டாங்களா?"

"ரெண்டு பேரு. ஒருத்தர், 'படிச்சோம்'னு ஒரு வார்த்த. இன்னொருத்தர் இனிமே எங்களுக்கு எழுதாதீங்கன்னு."

"அவங்க வாய நீ அடைச்சிருக்க. இப்போ நீ எழுதறத அவங்க ஏன் படிக்கணும்?" சொன்னவிதத்தில் கோபம்கூட இல்லை, கணக்குச் சொல்வதுபோல இருந்தது. "நேர்ல போ. நின்னு கேட்டுக்க."

போனார். டிசம்பருக்குள் ஐந்து ஊர். நாட்டின் கிழக்குக் கடற்கரையில் முதல் ஊரில் வாசலில் நின்றார். மாவோரி வழக்கப்படி, உள்ளே வரும்படி யாராவது குரல் கொடுத்தால்தான் நுழைய முடியும். மண்டபத்தில் ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. ஜன்னலில் ஒரு கிழவர் அவரைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தார். மத்தியானம் வரை நின்றார், குரல் வரவில்லை.

கடைசியில் ஒரு பெண் கையில் ஈரத்துணியோடு கேட் வரைக்கும் வந்தாள். "நீங்கதான் அந்த மொழிபெயர்ப்புக்காரரா?"

"ஆமாம்மா."

"பெரியவங்க யாரும் வரமாட்டாங்க. ஜூனுக்குள்ள காகிதம் சேக்கணும்னு உள்ள எல்லாரும் தலையப் பிச்சிட்டிருக்காங்க. பாதிக் காகிதம் பழைய மாவோரி, இங்கிலீஷ்ல எழுதித் தர ஆளில்ல." நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆனா உங்ககிட்ட குடுக்கமாட்டோம்."

"குடுக்காதீங்கம்மா" என்றார் பரட்டேனே. "குடுக்கக் கூடாது."

அவள் திரும்பிப் போனாள். அவர் இன்னும் சற்று நேரம் நின்றுவிட்டு, அடுத்த ஊருக்குப் போகும் சாலையைத் தேடி வண்டியைத் திருப்பினார்.