ஐம்பத்துநாலு கெலி

"ஒம்பதுதான்" என்றார் என் வீட்டுக்காரர், வாசலிலேயே நின்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த எனக்கு என்ன ஒன்பது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் அவருக்குச் சோறு இறங்குவதும் இறங்காததும் அந்த எண்ணைப் பொறுத்துதான். எங்கள் ஊர் பெக்கோக்குக்கு மேலே, காட்டோரத்தில், ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிற தடுப்பணையில் அவருக்கு வேலை. சல்லடையில் அடைக்கிற இலைதழையை வாருவது, பம்பைப் பார்த்துக்கொள்வது. மூன்று வருடமாக மீன் எண்ணுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. அது ஜொகூர் பாருவிலிருந்து வருகிற டாக்டர் ஹபீபாவுக்காக. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆற்று மீன்களைப் படித்த டாக்டர். அணைக்கு மேலே தேங்கி ஓடுகிற மடுவில் முதல் நாள் சாயந்திரம் பூபு என்கிற கம்பிக் கூண்டை இறக்கி வைப்பார்கள். காலையில் தூக்கி, உள்ளே வந்ததை எண்ணி எழுதிவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விடுவார்கள். பெரும்பாலும் செலுவாங், விரல் நீளம், உடம்பில் ஒரு கறுப்புக் கோடு. குழம்புக்குக்கூட ஆகாது. அது போனால் கொசுப்புழு ஏறும், பாசி ஏறும், தண்ணீர் கெடும் என்று எனக்கு எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் கமலநாதனுக்கு எங்கள் கல்யாண நாள் ஞாபகம் இருக்காது. போன வருடம் மார்ச்சில் செலுவாங் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நூற்றுப் பன்னிரண்டு என்பார்.

இப்போது ஒன்பது. ஏன் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை விழ ஆரம்பித்த இந்த ரெண்டு மாதமாகத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் அவருக்கு நெஞ்சடைத்து, ஜொகூர் பாருவில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஜாதகம் பார்க்கிறவர், வயது எத்தனையோ அத்தனை உயிர் மீனை ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார். ஐம்பத்துநாலு. உயிர் மீனுக்கு நான் எங்கே போவேன்? கடலோரத்து மெர்சிங்கிலிருந்து ஐஸில் வருவதெல்லாம் செத்து ரெண்டு நாள் ஆனது. மார்க்கெட் தொட்டியில் நெளிந்துகொண்டு கிடந்தது கெலி மட்டும்தான், மீசை வைத்த கறுப்புக் கெளுத்தி. ரெண்டு பெயிண்ட் வாளியில் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டினேன். மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடுகிறது, அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம். சாக்கடை கலக்கிற தண்ணீரிலா என் புருஷன் உயிரை விடுவேன்? இந்தப் பக்கத்திலேயே சுத்தமான தண்ணீர் எதுவென்று யோசித்து, அவர் வேலை செய்கிற அணைக்கு மேலே ஏறிப் போனேன். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, நீ நல்லா இரு, அவரும் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லி விட்டேன். அவர் பிழைத்து நடந்து வந்தார். கெலிகளும் என் பேச்சைத் தட்டாமல் நல்லாத்தான் இருந்திருக்கின்றன. கோழிக்குடல், புழு, சின்ன மீன் எது கிடைத்தாலும் தின்கிற ஜாதி அது. பள்ளிக்கூடக் கேன்டீனில் பத்து வருடமாக மீன் ஆய்கிற எனக்கு அது தெரியாதா? அன்றைக்கு அந்தப் புத்தி வரவில்லை. இன்றைக்குச் சொன்னால் பிடிப்பார்கள். பிடித்தால் கொல்வார்கள். அவருடைய ஒரு வருடத்துக்கு ஒரு கெலி என்றுதானே விட்டேன். அப்புறம் அவருக்கு என்ன ஆகும்?

"தண்ணியில மருந்து கிருந்து ஒண்ணும் காணோங்கிறாங்க டாக்டர்" என்றார் தோசையைப் பிய்த்தபடி. "எனக்கு நம்பிக்க இல்ல. மேல கீரைத் தோட்டம் போட்டிருக்கான்ல ரூபேந்திரன், அவன் வேலதான் இது. மத்தியானம் போய் அவன் மேல புகார் எழுதிக் குடுத்துடறேன்."

ரூபேந்திரன் இவரோடு ஒன்றாய்ப் படித்தவர். ஆப்பரேஷன் சமயத்தில் நாலு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கியவர். மத்தியானத்துக்கு முன்னால் டாக்டர் பெரிய வலையை இழுக்கப் போகிறார் என்று சொல்லிவிட்டு, இவர் பாதித் தோசையோடு எழுந்து போனார். நான் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, சோற்றைக் கேரியரில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலை பாதி கரையில், பாதி தண்ணீரில் இருந்தது. பூபுவின் வாய் சின்னது, பெரிய மீன் நுழையாது. அதனால்தான் இத்தனை நாள் ஒன்றும் அகப்படவில்லை. கரைப்பக்கத்து வலையில் முழங்கை நீளத்துக்கு மூன்று கெலி. ஹபீபா ஒன்றைப் பாறையில் வைத்து வயிற்றைக் கீறினார். உள்ளே பாதி கரைந்த செலுவாங்குகள். கோடு மட்டும் அழியவில்லை. விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். பதினொன்று.

"அலமாக்" என்று மெதுவாக உச்சுக்கொட்டினார். "இது இந்த ஆத்து மீனே இல்லண்ணே. வளக்கறதுக்கு வெளியிலேர்ந்து கொண்டாந்த ஜாதி. தானா இங்க ஏறி வராது. யாரோ விட்டிருக்காங்க."

"யாரோ என்ன லா, ரூபேந்திரனேதான். தோட்டத்துல கெலிக் குளம் வெட்டி வெச்சிருக்கான்."

"நான்தான் விட்டேன்" என்றேன்.

கேரியரைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஹபீபா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வலையில் சிக்கெடுக்கக் குனிந்துகொண்டார்.

"எத்தன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அம்பத்துநாலு."

அந்த மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "ரூபேந்திரன நேத்து டீக்கடையில எல்லார் முன்னாடியும் நீதானே தண்ணியக் கெடுத்தேன்னு கேட்டுட்டேன்" என்றார்.

வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று ஹபீபாவைக் கேட்டேன்.

"எங்க விட்டாலும் இதே கததான்க்கா. எல்லாத்தயும் எடுக்கணும். குஞ்சும் பொரிச்சிருக்கும். பல மாசம் ஆகும்."

"எடுத்து?"

ஹபீபா கத்தியைக் கழுவினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜாதகக்காரர் மேல் கோபம், கெலி மேல் கோபம், அந்த விரல் நீளச் செலுவாங் மேலும் கோபம்; கொஞ்சம் பெரிதாய்ப் பிறந்து தொலைத்திருக்கக் கூடாதா. "ஒவ்வொண்ணயும் உங்க பேரச் சொல்லித்தான் விட்டேன்" என்றேன். "கொன்னா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க."

போடி பைத்தியம் என்பார் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, வள்ளி" என்றார்.

பிறகு எழுந்து தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் வலையின் அந்த முனையில் இன்னொரு கெலி அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டில் சுற்றிப் பிடித்தார். கரைக்கு வரவில்லை. கையை லேசாகத் தளர்த்தினால் போதும், போய்விடும். ஹபீபா கரையில், பிடித்த மீனைப் போடுகிற பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, எங்கள் ரெண்டு பேரையும் பார்க்காமல் நின்றார்.

"நீ சொல்லு" என்றார் அவர். "நீ விட்டது."

ஈரச் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. துணிக்கு மேலேயே தழும்பு மேடாகத் தெரிந்தது. நான் கேரியரைப் பாறையில் வைத்தேன். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். மலைத்தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. நாலு எட்டில் பேன்ட் முழுதும் நனைந்து, சுருட்டியது வீணாயிற்று. அவரிடமிருந்து துண்டோடு மீனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே அது பலமாக ஒரு உதறு உதறியது. மறு கையை அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. கரை பத்தடி தூரம். நான் கையை எடுக்கவில்லை. அவரும் என்னோடு ஒட்டியபடியே, ஒவ்வொரு அடியாக, கரையைப் பார்த்து நடந்தார்.