நிழலுக்கு ஒரு நாற்காலி

"எங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி வேணும்" என்று மகள் முதலாளியிடம் கேட்டபோது, அந்தக் கடைத்தெருவில் வேலை செய்பவர்களின் நிழல்கள் உட்கார ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா அவளுக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் கேள், நாற்காலி மட்டும் கேட்காதே.

ரயில் நிலையத்தில் தொடங்கி மேம்பாலத்தில் முடிகிற அந்தத் தெருவுக்குத் துணி எடுக்கவும் சாப்பிடவும் நகரம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் உட்காரலாம். நகைக்கடையில் மெத்தை, செருப்புக்கடையில் முக்காலி, மூக்குக்கண்ணாடிக் கடையில் சுழல் இருக்கை. வேலை செய்கிறவர்கள் ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்க வேண்டும். ஆளே இல்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தாலும் தப்பு. முதலில் உட்கார்ந்தது மூலை உணவகத்து சப்ளையரின் நிழல். இரண்டு கையிலும் தட்டுகளோடு அவர் நடந்துகொண்டிருக்க, நிழல் மட்டும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டது. அந்த மாதம் முடிவதற்குள் தெரு முழுக்க இதே கதைதான். உணவகத்தில் இடம் பிடிக்கக் காத்திருந்த குடும்பங்கள் காலி நாற்காலியில் நிழலைப் பார்த்துவிட்டு, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள். அது நம்மாளுதான், நீங்க உக்காருங்க என்பார் சப்ளையர். நிழலும் மரியாதையாக எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடும்.

அம்மா வேலை பார்த்தது தெருவிலேயே பெரிய ஜவுளிக்கடையில், போர்வையும் திரைச்சீலையும் விற்கிற மாடியில். அவள் போர்வைகளை விரித்துக் காட்டி, வாங்காமல் போனவற்றைத் திரும்ப மடித்துக்கொண்டிருக்க, அவள் நிழல் தரையில் உட்கார்ந்து தன் பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும். முதலாளி நல்ல மனிதர் என்று தெருவில் சொல்வார்கள். சத்தம் போடாத முதலாளியை எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். அவர் நாலாபுறமும் விளக்குகளைப் போட்டு நிழல்களை விரட்டிப் பார்த்தார். நிழல்கள் போய்விட்டன. கூடவே துணியின் நிறமும் போய்விட்டது. மெரூன் என்று எடுத்துப் போனது வீட்டுக்குப் போனதும் காக்கியாக இருக்கிறது என்று ஜனங்கள் மூட்டையோடு வந்து சண்டை பிடித்தார்கள். விளக்குகளைக் கழற்றினார்கள். லீவு முடிந்து வருகிறவர்கள் போல நிழல்கள் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

மகள் அந்தப் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. ஊரில் வேறு எங்கும் அவளுக்கு வேலை கிடைக்காததால், அம்மா கெஞ்சிக் கூத்தாடி அதே கடையில் கணக்கு அறையில் சேர்த்துவிட்டாள். ஏசி, கம்ப்யூட்டர், சக்கரம் வைத்த நாற்காலி. படித்த படிப்பு மொத்தமும் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த நாற்காலியைத்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழ் மாடியில் அம்மா நிற்பது தெரியும். அம்மாவின் கெண்டைக்கால் நரம்புகள் கயிறு திரித்தாற்போல் புடைத்திருந்தன. பாத்ரூமில்கூட சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் குனிய முடிந்தது. ஒருநாள் மகள் தன் நிழலைத் தேடினாள். அவள் உட்கார்ந்திருக்க, அது சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது, அச்சு அசல் அம்மா மாதிரி. பக்கத்து மேசைக் கணக்கரிடம் கேட்டதற்கு, தனக்கும் அப்படித்தான், பழகிடும்மா என்றார். அந்த வார்த்தைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக எழுந்து முதலாளியின் அறைக்குப் போய்விட்டாள்.

முதலாளி கோபப்படவில்லை. "ஒருத்தருக்குக் குடுத்தா தெருவே கேக்கும்மா," என்றார். "அவ்வளவு பாசம்னா உன் நாற்காலியக் கொண்டுபோய்க் குடேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைக் கைப்பையில் போட்டுத் தோளில் மாட்டினாள். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்பதால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள்.

அம்மா நாற்காலியைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள்.

"எங்கடி பையோட?"

"நீ மொதல்ல உக்காரும்மா."

"கடை தொறந்திருக்கு."

"இருக்கட்டும். உக்காரு."

"முட்டி மடங்காதுடி," என்றாள் அம்மா, விலை சொல்வது போல. "மடங்கினாலும் திரும்ப எந்திரிக்க வராது. அப்புறம் நான் எப்படி நிக்கிறது?"

மகள் நாற்காலியை அம்மாவுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். அப்போது தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் நிழல் கையை ஊன்றி எழுந்தது, புடவையைச் சரிசெய்துகொண்டது, நாற்காலியில் உட்கார்ந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். வேலைக்காரர்கள் உட்காரக்கூடாதே தவிர நிழலுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால் போய்விட்டார். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்தாள். பிறகு உடம்பின் பாரத்தையும் மெல்ல அதில் இறக்கினாள். அதைச் சாய்வது என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த நாற்காலி அங்கேதான் இருக்கிறது. பெருக்குகிறவர் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறார்.

மகள் படியிறங்கி, செருப்புக்கடையையும் மூலை உணவகத்தையும் தாண்டி, ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நிழல் அவள் காலோடு ஒட்டிக்கொண்டு, அவள் நடந்த வேகத்திலேயே நடந்து வந்தது.