பௌர்ணமியன்று தின்ற மீன்

தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிய அட்டையைக் கதவின் கைப்பிடியில் வெளிப்பக்கமாக மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்தமானில் எங்கள் மூன்றாம் நாள் காலை. என் கணவர் பலராமன் போர்வையை இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். விடிந்த பிறகும் அவர் எழுந்திருக்காமல் நான் பார்த்ததே இல்லை. லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு அது வாய்க்காது. தூங்குகிற விருந்தாளியை எழுப்பக் கூடாது என்பது எங்களுக்குச் சட்டம் மாதிரி. அன்று அவர்தான் விருந்தாளி. எழுப்பவில்லை. அவருக்கும் ஒரு டீ வாங்கி, மூடி எடுத்துக்கொண்டு வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. விடிவதற்கு வெகு முன்பே போயிருக்கிறார், இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அதற்கு முந்தின நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த ஒரு நாளைத்தான் இப்போது என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள்.

அன்று பௌர்ணமி. திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம், செங்கம் சாலையில் எங்கள் லாட்ஜ். ஆசிரமத்து மயில் ஒன்று எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்காரும்; மலை அனுப்பின விருந்தாளி என்பார் அவர். பௌர்ணமி என்றால் எல்லா அறையும் நிறைந்துவிடும். சாவிகளைக் கொடுத்து முடித்ததும் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரிவலம் கிளம்புவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாதமும் தவறியதில்லை. டிக்கெட் போட்ட மகள் கவியா தேதியைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். காலண்டரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், “இருக்கட்டும், போவலாம்” என்றார்.

தீவில் அன்று காலை எழுந்ததும் அவர் செய்த முதல் வேலை, படுக்கை விரிப்பை உதறி, நான்கு மூலையும் இழுத்துச் செருகியது. அறை துடைக்க வந்த பெண்ணும் தமிழ்தான். இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“சார், எல்லாத்தையும் நீங்களே பண்ணிட்டா மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு.”

“பழக்கம்மா. தலைகாணி உறைய விட்டு வெச்சிருக்கேன், அத நீ மாத்து.”

பிறகு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை. தென்னை நிழலில் இரண்டு சாய்வு நாற்காலி. கடல் உள்வாங்கிக் கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார், வந்து உட்கார்ந்தார், மறுபடி போய் நின்றார்.

“செல்வி, இங்க சுத்தணும்னா போட்டுலதான் சுத்தணும்.”

“உங்கள யாரு சுத்தச் சொன்னா? உக்காருங்க.”

“உக்காந்துக்கினுதானே இருக்கேன். ஒரு போன்கூட வரல பாரேன். சுடுதண்ணி வரலன்னு ஒருத்தனும் கூப்பிடல.”

மதியம் வாழையிலையில் சூரை மீன் வறுவல் வந்தது. பௌர்ணமியன்று அவர் கவிச்சி தொடமாட்டார். இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஒரு துண்டை எடுத்து முள் நீக்கினேன். போனை எடுத்துத் தங்கைக்கு வீடியோ கால் போட்டார். மணியம்மாளுக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே சோடாக் கடை.

“மணி, இன்னிக்கி உங்கண்ணன் என்னா துன்றான் பாரு.”

“ஐயோ, மீனா! பௌர்ணமிண்ணா! அண்ணி பாத்துக்கினு சும்மாவா இருக்குது?”

“அதுதான் முள்ளு எடுத்துக் குடுக்குது.”

மணியம்மாள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. “நல்லா தின்னு. இங்க கூட்டம் ஜாஸ்தி, எனக்கு நிக்க நேரமில்ல. வரும்போது எனக்கொரு முத்துமாலை வாங்கினு வா.”

அவர் மீனை முழுவதும் தின்றார். விரலைக்கூட விடவில்லை. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் அதற்கு முன் இருந்ததில்லை.

காரியத்தன்று, சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில், அதே மணியம்மாள் எழுந்து நின்றாள்.

“மாசம் தவறாம நடந்த காலு. ஒரு மாசம் நிறுத்தி, பௌர்ணமியும் அதுவுமா மீனப் போட்டீங்க. மலை சும்மா வுடுமா அண்ணி?”

சிலர் தலையை ஆட்டினார்கள். வருகிற பௌர்ணமிக்கு அவருடைய வேட்டியை மடியில் கட்டிக்கொண்டு நான் வெறுங்காலோடு மலையைச் சுற்ற வேண்டும், வழியிலுள்ள எட்டு லிங்கத்திலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். இல்லையென்றால் அண்ணன் ஆத்மா அலையுமாம்.

கவியா என் கையைப் பிடித்தாள். “நடந்துட்டு வந்துடும்மா. சண்ட எதுக்கு?”

நடப்பது எனக்குப் பெரிதில்லை. நடந்தால் அந்த நாள் தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் அந்தச் சாய்வு நாற்காலி, அந்த இலை, அவர் தூங்கிய மத்தியானம் எல்லாமே குற்றத்துக்குச் சாட்சிகள் ஆகிவிடும்.

“எதுக்கு மன்னிப்பு மணி? அவரு சிரிச்சதுக்கா?”

“மீன் தின்னதுக்கு.”

“தின்னும்போது நீயும்தானே சிரிச்ச. நல்லா தின்னுன்னு சொன்ன. மாலை கேட்ட.”

அவள் முகம் சிறுத்துப்போனது. துக்கம் அவளுக்கும் இருந்தது. அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும், என் தலை பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான். “இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனாள். இன்றுவரை வரவில்லை. அவள் கடையில் சோடா குடிக்கிறவர்களுக்கெல்லாம் கதை போகிறது. வெளியூர்க்காரர் ஒருவர், நான் யார் என்று தெரியாமல், கிரிவலத்தை விட்டுவிட்டுத் தீவுக்குப் போய்ச் செத்தவன் கதையை என் வரவேற்பு மேசையிலேயே என்னிடம் சொன்னார். நல்ல மனிதராக இருந்த என் கணவர் சாலையில் ஓர் எச்சரிக்கையாக ஆகிவிட்டார். நான் அந்த வெளியூர்க்காரரிடம் சாவியைக் கொடுத்தேன்.

மலைமேல் எனக்குக் கோபம் இல்லை. மலை யாரிடமும் எதையும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பேசுகிறவர்கள் எல்லாம் கீழே இருக்கிறார்கள்.

பௌர்ணமி வந்தது. நான் நடக்கவில்லை. கவியா இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. எல்லா அறைகளும் நிறைந்த பிறகு மாடிக்குப் போனேன். கீழே செங்கம் சாலை முழுக்க வெறுங்கால்கள். ஆசிரமத்து மயில் இன்னமும் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல்தான் வந்து உட்காருகிறது.