எரிமலை மேல் காணாமல் போன ஷூ

எரிமலை என்றால் புகையாவது வர வேண்டாமா? ரங்கிடோட்டோத் தீவின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்தேன். பெரிய குழி. குழி நிறைய மரம். இதைக் காட்டத்தான் படகில் ஏற்றி, கரிக்கட்டை மாதிரிக் கல்லில் ஒரு மணி நேரம் நடக்க வைத்திருக்கிறார்கள்.

மகள் பூங்கோதைக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதனால் சான்ட்ரிங்ஹாமில் அவள் பக்கத்து வீட்டு மகேசனோடு என்னை அனுப்பினாள். யாழ்ப்பாணத்துக்காரர். திரும்பிப் போகும் டிக்கெட் இரண்டும் அவர் போனில். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் படகு மூன்றரைக்கு. விட்டால் தங்க இடமில்லை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை என்று மகள் நான்கு தடவை சொல்லியிருந்தாள்.

மகேசன் அங்கிருந்த பலகையைப் படித்தார். "இது இந்த நாட்டுப் பூர்வீக மாவோரி ஆக்களுக்குப் புனிதமான மலையாம், அண்ணை."

"அப்பறம் காலுல ஷூவோட நிக்கறீங்க?"

"எனக்குச் சீனி வருத்தம். கழட்டேலாது." சர்க்கரை வியாதியைச் சொல்கிறார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஷூவைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, குழியைச் சுற்றிப் போகும் பாதையில் வலமாக நடந்தேன். சாமி யாருடையதாக இருந்தால் என்ன. கல் ஒவ்வொன்றும் உடைந்த பாட்டில் மாதிரி குத்தியது.

ஒரு சுற்று முடித்து வந்தால் பெஞ்சில் ஷூ இல்லை. மகேசனும் இல்லை. டிக்கெட்டும் அவரோடு போயிற்று. மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். என்னிடம் போன் கிடையாது.

இந்த வயதில் என் ஷூவை எடுத்துப் போய் அந்த ஆள் என்ன செய்வார்? படகுக்கு இறங்கிவிட்டாரா? இறங்கினாலும் ஷூ எதற்கு? ஒன்றும் விளங்கவில்லை.

அங்கே நின்ற வெள்ளைக்காரப் பெண்ணிடம் என் வெறும் காலைக் காட்டினேன். அவள் ஏதோ சொல்லி, சுற்றுப்பாதையில் வலப்பக்கம் கை காட்டினாள். அந்தப் பக்கமே போனேன். இன்னொரு முழுச் சுற்று. ஆள் இல்லை. அவள் மறுபடியும் அதே பக்கம் கை காட்டினாள். குழப்பத்தில் மூன்றாவதும் சுற்ற ஆரம்பித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிர்ப்பக்கமாகப் போகச் சொன்னாள்.

இடமாகவா? செத்தாலும் மாட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மணி இரண்டே கால் ஆகியிருந்தது. இரண்டரைக்குள் இறங்க ஆரம்பித்தால்தான் படகு. கன்னத்தில் போட்டுக்கொண்டு இடமாக நடந்தேன்.

ஐம்பது அடி போயிருக்க மாட்டேன். எதிரே மகேசன், மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் என் ஷூ.

"எங்கீங்க போனீங்க?"

"நான் போனனானோ? கல்லு காலைக் கிழிக்கும் எண்டு அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கத்தினவ. சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு உங்களுக்குப் பின்னால வந்தனான். ரெண்டு சுத்து! உங்களைப் பிடிக்கேலாமப் போச்சு."

"ஒரு எடத்துல நின்னிருக்கலாம். இல்லாட்டி திரும்பி எதுக்கால வந்திருக்கலாமுல்ல?"

"மலையை இடமாச் சுத்தச் சொல்லுறீங்களோ?"

ஷூவை வாங்கி மாட்டினேன். கயிற்றைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. இரண்டு கிழவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விழாத குறையாக இறங்கினோம். படகில் ஏறும் பலகையைத் தூக்கிவிட்டார்கள். மகேசன் போனை உயர்த்திக் காட்டிக்கொண்டே கத்தினார். மறுபடி போட்டார்கள்.

படகில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ரத்தம். மகேசன் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"ஏனுங்க, மாவோரிக்காரங்க அந்த மலையைச் சுத்துவாங்களா?"

"தெரியாது, அண்ணை. பலகையில அப்படி ஒண்டும் எழுதேல்லை."

"அப்பறம் நீங்க எதுக்கு வலமாவே வந்தீங்க?"

"நீங்கள் வலமாத்தானே போனீங்கள்."

தீவைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் புகை வரவில்லை.